டெக்சாஸ் மலைநாட்டில் கூடாரம் அடிக்கப் போகும் நம்மவர்களுக்கு

உப்புவெளியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. மருமகன் இன்னும் இரண்டு கிழமையில் சான் அன்டோனியோவுக்குப் படிக்கப் போகிறான். அங்கே முன்பே போய்ச் சேர்ந்த திருகோணமலைப் பெடியள் நாலைந்து பேர், முதல் லீவுக்கு ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்க ஓர் இடம் பார்த்து அவனுக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மலைநாடு என்றால் நமக்கு நுவரெலியாதான். சுவெட்டர், பனி, பிளேன்ரீ. ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் மேற்கே இருக்கிற மலைநாடு அப்படியல்ல. என்சான்டட் றொக் என்கிற பெரிய கருங்கல் மலையே கடல் மட்டத்தில் இருந்து 1,825 அடிதான். ஆடி, ஆவணியில் 38 பாகை சாதாரணம். வெயில் பழகிய ஊர்க்காரர் என்று நினைக்காதீர்கள். இங்கே பின்னேரம் கடல் காற்று வரும், அங்கே வராது.

பதிவு செய்வது சுலபம். மாநிலப் பூங்காக்களில் தங்க ஐந்து மாதத்துக்கு முன்பே இணையத்தில் பதியலாம். கார்னர், பெடர்னேல்ஸ் போல்ஸ் போன்றவை லீவு நாட்களில் வேளைக்கே நிரம்பிவிடும். ஓர் இடத்துக்கு எட்டுப் பேர்தான். நம்மவர்கள் மூன்று குடும்பமாகப் போய், இருபது பேருக்கு ஓர் இடம் எடுத்துவிட்டு வாசலில் நின்று வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், குழுக்களுக்கென்று தனி இடம் இருக்கிறது. என்சான்டட் றொக்கில் கூடாரம் மட்டும்தான், ஆர்.வி. என்கிற, படுக்கையும் அடுப்பும் உள்ள வீடு மாதிரி வாகனத்தில் தங்க முடியாது. காய்ந்த காலத்தில் நெருப்பு மூட்டத் தடை போடுவார்கள், காஸ் அடுப்பு கொண்டு போங்கள்.

ஆர்.வி. வாடகைக்கு எடுப்பவர்கள் கரண்டைக் கேளுங்கள். 30 அம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட்தான். ஓர் ஏசி ஓடும்போது மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழும். பெரிய வாகனத்தில் இரண்டு ஏசி இருந்தால் 50 அம்பியர் இடம்தான் வேண்டும். ஊரில் இருந்து கொண்டு போன 230 வோல்ட் றைஸ் குக்கர் அங்கே சோறு அவிக்காது. புதிதாகத் திறந்த ஆர்.வி. பார்க் பல, மரமே இல்லாத கல் தரை. எந்தப் பக்கம் மரம் நிற்கிறது, பின்னேர வெயில் எங்கே விழும் என்று கேட்டுப் பதியுங்கள். யேர்ட் என்ற வட்டக் கூடாரம் பார்க்க அழகு. ஆனால் அது குளிர் தேசத்து மொங்கோலியரின் வீடு. கூரை நடுவில் இருக்கும் கண்ணாடி வழியாக வெயில் நேரே இறங்கும். ஏசி இல்லாத யேர்ட்டைக் கோடையில் தொடவே வேண்டாம்.

இனி, எங்களை மாட்டவைத்த விடயம்.

சில வருடங்களுக்கு முன், மே மாதக் கடைசியில், ஊரில் இருந்து வந்திருந்த பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஆற்றில் வெள்ளம் வரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் தண்ணீருக்கு நாற்பது அடிக்கு மேல், நல்ல மேட்டில் இடம் எடுத்தேன். "எங்கள் இடத்துக்குத் தண்ணீர் ஏறியதே இல்லை" என்று நடத்துபவர் போனில் சொன்னார். அது பொய்யில்லை. உள்ளே போகும் வழியில் ஒரு தாம்போதியை, அதாவது தண்ணீர் மேலால் ஓடும் தாழ்ந்த பாலத்தைக் கடந்தோம், கால் நனையாத அளவு தண்ணீர். பெரியம்மா மூதூர்க்காரி. கார்க் கண்ணாடியால் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதுக்கு மேல தண்ணி வந்தா பாதை ஓடுமோ?" என்று கேட்டார்.

பாதை என்றால் அவருக்குத் துறையில் ஓடும் மிதவை. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் மாரியில் மகாவலி கங்கை பெருகினால் பாதை நிற்கும், மூதூர் மூதூரோடு, திருகோணமலை திருகோணமலையோடு. அவருடைய கேள்விக்கு நான் சிரித்தேன். இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்று இரவு எங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம். மழை பெய்தது பல மைல் தள்ளி, ஆற்றின் மேல்பக்கம். விடியற்காலை நாலு மணிக்குக் கீழே லொறி ஓடுவது போலச் சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தால் தாம்போதியைக் காணவில்லை. பழுப்பு நிறத் தண்ணீரில் முழு மரங்கள் உருண்டு போயின. வெளியே போக வேறு வீதி கிடையாது. மின்கம்பி அறுந்து கரண்டும் போனது. ஒன்றரை நாள் அடைபட்டுக் கிடந்தோம். வெளியே 35 பாகை, ஐஸ் பெட்டிக்குள் பெரியம்மாவின் இன்சுலின், ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. "இடம் திறந்துதானே இருந்தது" என்று சொல்லி நடத்துபவர் காசையும் திருப்பித் தரவில்லை. காசு போகட்டும்.

அந்த மண்ணின் இயல்பு அது. சுண்ணாம்புப் பாறைக்கு மேல் மெல்லிய மண், மழை உள்ளே இறங்காமல் அப்படியே வழிந்து ஓடும். மகாவலி பெருகி வெருகலுக்கு வர நமக்குக் கொஞ்சமாவது நேரம் இருக்கும். அங்கே இல்லை. 2025 ஜூலை 4 விடியற்காலை, ஹண்ட் என்ற ஊரில் குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி அளவுக்கு ஏறியது. அந்த ஊர் இருக்கும் கெர் கவுன்டியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் கோடை லீவு முகாமுக்கு வந்த பிள்ளைகளும் உண்டு.

ஆகவே ஆற்றங்கரையில் படுக்காதீர்கள் என்பதோடு நிறுத்த மாட்டேன். இடம் மேடா என்று கேட்ட பிறகு, வெளியே வரும் வழி எத்தனை, அதில் தாம்போதி இருக்கிறதா, இரண்டாவது வழி எங்கே ஏறுகிறது என்று கேளுங்கள். போகுமுன் வரைபடத்தில் விரலை வைத்து அந்த வீதியைத் தொடர்ந்து பாருங்கள். மூடிய வீதிகளை டிரைவ் டெக்சாஸ் தளம் காட்டும். பள்ளத்தாக்கில் போன் சிக்னல் இராது, எச்சரிக்கையும் வராது, பற்றரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்குங்கள். வீதியில் ஓடும் தண்ணீர் ஓர் அடி என்றாலே சின்னக் காரைத் தூக்கும், இரண்டு அடி பெரிய வாகனத்தையும் இழுக்கும். அக்கரையில் வீடு தெரிந்தாலும் இறங்காதீர்கள்.

வயதானவர்களோடு போனால் மருந்துக்குத் தனி ஐஸ் பெட்டி வையுங்கள், சோடாப் போத்தலோடு சேர்த்துத் திறந்து மூட வேண்டாம். இன்சுலின் 30 பாகைக்கு மேல் கெட்டுப்போகும். எங்களுக்கு அன்று கைகொடுத்தவர் பக்கத்து ஆர்.வி.யில் இருந்த ஒரு வயதான மனிதர். ஜெனரேட்டர் போட்டுத் தன் பிரிட்ஜில் ஒரு தட்டை ஒதுக்கித் தந்தார். பெரியம்மா அவருக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்து கொடுத்தார். தண்ணீர் வடிந்த அவசரத்தில் அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். நேற்று மூதூருக்குப் போனபோதும் பெரியம்மா முதலில் விசாரித்தது அவரைத்தான்.