அமெரிக்கக் கவுண்டிச் சிறையில் பிள்ளை இருந்தால்: வன்னியிலிருந்து செய்யக்கூடியவை

நியூ ஜேர்சியிலோ டெக்சாசிலோ இருக்கும் மகனை, மருமகனை, தம்பியைப் பொலிஸ் பிடித்துவிட்டது என்று கிளிநொச்சிக்கோ புதுக்குடியிருப்புக்கோ செய்தி வந்தால், வீட்டார் முதலில் ஓடுவது பிணைக்காசு தேடித்தான். ஆனால் பிணை கட்டிய அன்றே ஆள் வீட்டுக்கு வராமல் நேராகக் குடிவரவுத் தடுப்புக்குப் போவது அங்கே அடிக்கடி நடக்கிறது. ஏன் அப்படி நடக்கிறது, காசு கட்டுமுன் எதைப் பார்க்கவேண்டும், இங்கிருந்தபடி எதை முதலில் செய்யலாம் என்பதைக் கீழே தருகிறோம்.

இரண்டு காவல்

இலங்கையில் பொலிசும் சிறைச்சாலையும் குடிவரவுத் திணைக்களமும் கொழும்பின் கீழ் இருப்பவை. அமெரிக்காவில் அப்படியில்லை. கவுண்டி என்பது நமது மாவட்டத்தைப் போன்ற ஒரு பிரிவு. அதன் சிறையைப் பெரும்பாலும் மக்கள் வாக்குப்போட்டுத் தெரிவுசெய்த ஷெரிப் நடத்துவார். வழக்கு முடியாதவர்களும், பொதுவாக ஒரு வருடம்வரை தண்டனை பெற்றவர்களும் அங்கே இருப்பார்கள். நாடு கடத்தும் அதிகாரம் மத்திய அரசின் குடிவரவு அமலாக்கப் பிரிவிடம் இருக்கிறது. அதை அங்குள்ளவர்கள் 'ஐஸ்' என்பார்கள். ஷெரிப் ஐஸின் கீழ் வேலை செய்பவர் அல்லர்.

இந்த இரண்டையும் இணைப்பது கைரேகை. சிறைக்குள் எடுக்கும்போது பதியும் கைரேகை எஃப்.பி.ஐ.க்குப் போகும். அங்கிருந்து தானாகவே குடிவரவுத் தரவுகளோடும் ஒப்பிடப்படும். 2008 இல் தொடங்கிய இந்த ஏற்பாடு 2013 இல் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. எல்லையில் பிடிபட்டு விடப்பட்டவரின் கைரேகையும் விசாவில் போனவரின் கைரேகையும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. வேறு பெயர் சொன்னால் தப்பலாம் என்று யாரும் சொன்னால் கேட்கவேண்டாம். பொய்ப் பெயர் புதிய குற்றமாகிவிடும்.

கைரேகை பொருந்தினால் ஐஸ் அந்தச் சிறைக்கு ஐ-247ஏ என்ற படிவத்தை அனுப்பும். இதைத்தான் டிடெய்னர் என்கிறார்கள். இவரை விடும்போது எங்களுக்குச் சொல்லுங்கள், விடவேண்டிய நேரத்துக்குப் பிறகு 48 மணிநேரம்வரை வைத்திருங்கள் என்று அது கேட்கும். 2017 முதல் அதோடு ஐ-200 அல்லது ஐ-205 என்ற பிடியாணையும் இணைக்கப்படுகிறது. அதில் கையொப்பமிடுபவர் ஐஸ் அதிகாரி, நீதிபதி அல்லர். எந்த இலக்கம் என்று கட்டாயம் கேட்டு வையுங்கள். ஐ-205 என்றால் நாடு கடத்தும் தீர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது வழக்கை மீளத் திறக்கும் மனுவே முதல் வேலையாகும், ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

48 மணிநேரத்தைக் குடும்பங்கள் பிழையாக எண்ணுவதுண்டு. அது கைதான நேரத்திலிருந்து ஓடுவதில்லை. பிணை கட்டி முடிந்த, குற்றச்சாட்டு கைவிடப்பட்ட, அல்லது தண்டனை முடிந்த நேரத்திலிருந்துதான் ஓடும். வெள்ளி பின்னேரம் 4 மணிக்குப் பிணை கட்டினால், படிவத்தில் உள்ளபடி ஞாயிறு பின்னேரம் 4 மணியோடு முடியும். பழைய விதியில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் சேராது என்று இருப்பதால் சில சிறைகள் திங்கள்வரை இழுக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் சட்டத்தரணி சிறையின் சட்டப் பிரிவுக்கு எழுத்தில் கேட்கவேண்டும். இதற்காகவே ஒருவரை முன்கூட்டி ஒழுங்கு செய்து வைப்பது நல்லது.

டிடெய்னர் கட்டளை அல்ல, வேண்டுகோள்தான் என்று 2014 இல் மத்திய அரசின் மூன்றாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அதை ஏற்பதும் விடுவதும் மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. டெக்சாஸ் 2017 இலும் புளோரிடா 2019 இலும் சட்டம் போட்டுச் சிறைகளைக் கட்டாயப்படுத்தின. மசாசூசெட்சில் டிடெய்னருக்காக மட்டும் ஒருவரை வைத்திருக்க மாநில அதிகாரிகளுக்கு அதிகாரமில்லை என்று 2017 இல் மாநில உயர் நீதிமன்றம் சொன்னது. நியூயோர்க்கில் 2018 இல் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் அதேபோலத் தீர்த்தது. கலிபோர்னியாவில் 2018 முதல் டிடெய்னருக்காக ஆளை வைத்திருக்க முடியாது. விடுதலை நேரத்தை அறிவிப்பதும் கையளிப்பதும் குறிப்பிட்ட குற்றத் தீர்ப்புகள் உள்ளவர்களுக்கே. நியூ ஜேர்சியிலும் 2018 இல் வந்த மாநிலச் சட்டமா அதிபரின் பணிப்புரை பாரதூரமான குற்றங்களுக்கு வெளியே கையளிப்பைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே "எந்த மாநிலம், எந்தக் கவுண்டி" என்பதே உங்கள் முதல் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. சில ஷெரிப்புகள் 287(ஜி) என்ற உடன்படிக்கையில் ஐஸோடு கையொப்பமிட்டிருப்பார்கள். அங்கே குடிவரவுக் கேள்வி கேட்பவர் சிறை உத்தியோகத்தரே. உடுப்பைப் பார்த்து, இவர் ஐஸ் இல்லையே என்று பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிடக்கூடாது.

ஆளைத் தேடுதல்

கவுண்டிக் காவலில் உள்ளவரை ஷெரிப் அலுவலகத்தின் இணையப் பட்டியலில் தேடவேண்டும். ஐஸின் ஒன்லைன் தேடலில் அவர் வரமாட்டார். ஐஸ் கையில் எடுத்த பிறகே அங்கே பெயர் ஏறும், அதற்கும் ஒரு நாள் இரு நாள் பிந்தலாம். ஐஸ் பல கவுண்டிச் சிறைகளில் படுக்கைகளை வாடகைக்கு எடுப்பதால், ஆள் இடம் மாறாமலே காவல் மட்டும் மாறியிருக்கவும் கூடும். ஆகவே இரண்டு பட்டியலையும் நாள்தோறும் பாருங்கள்.

தமிழ்ப் பெயர்கள் இதில் பெரிய இடைஞ்சல். தகப்பன் பெயர் முதலில் வருவதால், பதிபவர் அதைச் சொந்தப் பெயராகப் போட்டுவிடுவார். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், முதற்பெயர் தெரியாது என்பதற்கு எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்தை முன்னால் போடுவார்கள். ஐஸின் தேடல் ஓர் எழுத்து பிசகினாலும் ஆளைக் காட்டாது. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டல், முன்பின் மாற்றிய பெயர், எஃப்.என்.யு. சேர்த்த பெயர் என்று மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். பிறந்த நாடு இலங்கை என்று கொடுக்கவேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது 'ஏ' எழுத்தில் தொடங்கும் அந்நியர் இலக்கம். எல்லையில் கொடுத்த கடிதம், வேலை அனுமதி அட்டை, நீதிமன்ற அழைப்பு எதிலும் அது இருக்கும். இப்போதே பிள்ளையிடமிருந்து வட்ஸ்அப்பில் படம் எடுத்துத் தரச்சொல்லி வைத்திருங்கள்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. கலிபோர்னியாவில் அதே 9 மணி நமக்கு இரவு 9.30 அல்லது 10.30.

சிறைக்கு நாம் போன் எடுத்துப் பேசமுடியாது. உள்ளே இருப்பவர்தான் வெளியே எடுப்பார், அதுவும் முற்பணக் கணக்கு இருந்தால். பல சிறைகளில் இலங்கைக்கு எடுக்கவே முடியாது. ஆகவே அங்குள்ள உறவினர் ஒருவர் பெயரில் கணக்குத் திறந்து அவரைத் தொடர்பாளராக வையுங்கள். சட்டத்தரணியோடு பேசும் அழைப்புத் தவிர எல்லாம் பதிவாகும். வழக்கு, பயண வழி, ஏஜென்சிக்காரர், பழைய காலம் எதைப் பற்றியும் போனில் கதைக்கவேண்டாம். சாப்பாடு, மருந்து, நீதிமன்றத் திகதி, ஐஸ் தந்த கடதாசியின் இலக்கம், இவை போதும்.

வன்னிப் பிள்ளைகள் ஐஸிடம் சொல்வது

ஐஸ் அதிகாரி சிறைக்குள் வந்து தன்மையாகப் பேசுவார். பேசாமல் இருக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. கலிபோர்னியாவில் 2017 முதல், நேர்காணலுக்கு முன் எழுத்தில் சம்மதம் கேட்கவேண்டும் என்பது சட்டம். எந்த மாநிலமானாலும் சொல்லவேண்டியது ஒன்றுதான்: சட்டத்தரணி வரும்வரை பதில் சொல்லமாட்டேன், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், விளங்காத எதிலும் கையெழுத்து வைக்கமாட்டேன். பொய் மட்டும் சொல்லவே கூடாது. பிறகு அசைலம் (புகலிடக் கோரிக்கை) வழக்கில் அந்தப் பொய்யே முதல் எதிரி.

வன்னியில் இது ஏன் இன்னும் முக்கியம் என்றால், அமெரிக்கா 1997 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. அந்தச் சட்டத்தில் 'பொருள் உதவி' என்ற தடை இருக்கிறது. வரி கட்டியது, சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தது, பங்கர் வெட்டியது எல்லாம் அதற்குள் இழுக்கப்படலாம். 2009 வரை இயக்கத்தின் நிர்வாகத்தில் வாழ்ந்த எந்தக் குடும்பத்துக்கு இது பொருந்தாது? வற்புறுத்திச் செய்யவைத்தாலும் சட்டத்தில் தானாக மன்னிப்பு இல்லை என்று குடிவரவு மேன்முறையீட்டுச் சபை 2016 இல் தீர்ப்பளித்தது. விதிவிலக்குத் தரும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது, குடிவரவு நீதிபதியிடம் இல்லை. இந்தத் தடை அசைலத்தை மூடிவிடும். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் கீழ் கிடைக்கும் நாடுகடத்தல் ஒத்திவைப்பை மட்டும் மூடாது. ஆகவே இந்தக் கதை எப்போது, எந்தச் சொற்களில், யார் முன்னிலையில் வரவேண்டும் என்பது சட்டத்தரணியின் தீர்மானம். சிறைக்குள் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட "ஹெல்ப் பண்ணினேன்" என்ற ஒரு சொல் வழக்கு முழுவதும் பின்தொடரும்.

பிணை கட்டுமுன்

கட்டுமுன் மூன்று விடை வேண்டும். டிடெய்னர் இருக்கிறதா? அந்தச் சிறை அதை ஏற்கிறதா? ஐஸ் எடுத்தால் குடிவரவுப் பிணை கிடைக்க வழியுண்டா?

முதல் கேள்விக்கு "இல்லை" என்றாலோ, இரண்டாவதற்கு "இல்லை" என்றாலோ பிணை கட்டுவதில் பொதுவாகப் பயனுண்டு. இரண்டுக்கும் "ஆம்" என்றால் நிறுத்தி யோசியுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் பிணை நிற்கும் பிணை முகவர் பெரும்பாலும் 10 வீதம் எடுப்பார். 5,000 டொலர் பிணைக்குக் கொடுத்த 500 டொலர் திரும்பாது. ஆள் ஐஸ் தடுப்பில் இருக்கும்போது மாநில நீதிமன்றத் தவணை தவறினால் பிடியாணை வரும், பிணையும் பறிபோகும். தடுப்பில் இருக்கிறார் என்று குற்றவியல் சட்டத்தரணி நீதிமன்றத்துக்கு முன்கூட்டியே அறிவித்தால்தான் இதைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது கேள்வி இப்போது கடினமானது. 2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டத்தின்படி, அனுமதியின்றி நுழைந்தவர் களவு, கடைத் திருட்டு, பொலிசைத் தாக்குதல் போன்றவற்றுக்காகக் கைதானாலே, தீர்ப்பு இல்லாமலே, கட்டாயத் தடுப்பு. 2025 செப்டெம்பரில் மேன்முறையீட்டுச் சபை, எல்லை தாண்டி வந்தவர்களுக்குப் பிணை கொடுக்கக் குடிவரவு நீதிபதிக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னது. மெக்சிகோ வழியாகப் போன நம் இளைஞர்களை இது நேரடியாகத் தொடும். இதை எதிர்த்து மத்திய நீதிமன்றங்களில் ஹேபியஸ் கோர்பஸ் (தடுப்பு சட்டப்படியானதா என்று கேட்கும்) மனுக்கள் போடப்படுகின்றன. விடை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மனுவை ஆள் தடுக்கப்பட்டிருக்கும் மத்திய நீதிமன்ற மாவட்டத்திலேயே போடவேண்டும். ஐஸ் லூசியானாவுக்கோ டெக்சாசுக்கோ மாற்றியபிறகு போடுவதைவிட மாற்றுமுன் போடுவது நல்லது. ஆகவே கவுண்டிச் சிறையில் இருக்கும் நாட்களிலேயே குடிவரவுச் சட்டத்தரணியைப் பிடியுங்கள்.

குற்ற வழக்குக்கு, வசதியில்லாதவருக்கு அரசு இலவசமாகச் சட்டத்தரணி தரும். குடிவரவு வழக்குக்குத் தராது. குற்றத்தை ஒப்புக்கொள்வதால் குடிவரவில் என்ன வரும் என்று அந்தக் குற்றவியல் சட்டத்தரணி சொல்லவேண்டும் என்பது 2010 இல் உச்ச நீதிமன்றம் விதித்த கடமை. அதைக் கேளுங்கள். "இருந்த நாளே தண்டனை, ஒப்புக்கொண்டால் இன்றே வெளியே" என்ற சலுகை டிடெய்னர் உள்ளவருக்கு அன்றே ஐஸ் வண்டி என்பதாகும். களவு, வன்முறைக் குற்றங்களில் 365 நாள் தண்டனைக்கும் 364 நாளுக்கும் இடையே குடிவரவுச் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு; ஒரு நாள் குறைத்துப் பேசும்படி சட்டத்தரணியிடம் சொல்லலாம். குடிவரவுச் சட்டத்தரணி அதே மாநிலத்தவராக இருக்கவேண்டியதில்லை. எந்த மாநிலத்தில் பதிவு பெற்றவரும் எந்தக் குடிவரவு நீதிமன்றத்திலும் வாதாடலாம்.

இங்கே சேர்க்கவேண்டியவை

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, மெனிக் பாம் முகாமின் குடும்பப் பதிவு, செஞ்சிலுவைக் குழு தந்த அட்டை, புனர்வாழ்வு விடுவிப்புப் பத்திரம், ஆஸ்பத்திரிக் குறிப்புகள், மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாட்டு இலக்கம். 2009 இல் தொலைந்துபோன பிறப்புப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அங்கே பதிவு இல்லாவிட்டால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய பதிவறையில் தேடவேண்டும். முதலில் படம் அனுப்பினால் போதும், மூலப்பிரதியைச் சட்டத்தரணி கேட்கும்போது கூரியரில் அனுப்பலாம். ஆங்கில மொழிபெயர்ப்போடு, இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட குறிப்பும் சேரவேண்டும். அது இல்லாவிட்டால் நீதிமன்றம் திருப்பிவிடும்.

சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி எழுதுவதற்கு அவசரப்படவேண்டாம். பிள்ளையின் வாக்குமூலத்தோடு திகதி முரண்பட்டால் உதவவந்த கடிதமே கேடு செய்யும். இயக்கத்துக்கு உதவினான் என்று பெருமையாக எழுதிய வரி பொருள் உதவித் தடையைத் தானே கொண்டுவந்துவிடும். வரைவைச் சட்டத்தரணி பார்த்த பிறகே கையெழுத்து. விதானையாரிடம் கடிதம் கேட்கும்போது என்ன காரணம் சொல்வது என்பதையும் அவரிடமே முதலில் கேளுங்கள்.

இலங்கைத் தூதரகத்துக்கு அறிவிப்பது, 1963 ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி கைதானவரின் விருப்பம். அசைலம் கேட்டவரின் விபரத்தை அமெரிக்க அதிகாரிகள் சொந்த நாட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்று அவர்களின் விதி சொல்கிறது. வீட்டார் போய் வெளிநாட்டு அமைச்சில் முறையிட்டால் அந்த மறைவு நம் கையாலேயே குலையும்.

குடிவரவுப் பிணை கிடைத்தால் அது குறைந்தது 1,500 டொலர். நீதிபதி பெரும்பாலும் அதைவிடக் கூட்டியே விதிப்பார். கட்டுபவர் அமெரிக்காவில் சட்டபூர்வ வதிவிடம் உள்ளவராக இருக்கவேண்டும். வழக்கு முடிந்து நிபந்தனைகள் நிறைவேறினால் பணம் கட்டியவர் பெயருக்கே திரும்பும். ஆகவே அனுப்பும் காசு யாருடையது, திரும்பும்போது யாருக்கு என்று முன்கூட்டியே எழுத்தில் வையுங்கள். கட்டியதும் ஐ-352 என்ற பிணை ஒப்பந்தப் படிவத்தின் பிரதியை வாங்குங்கள். பரிசு அட்டை வாங்கி இலக்கம் சொல்லச் சொல்பவரும், உண்டியலில் காசு போட்டால் இரண்டு மணித்தியாலத்தில் ஆளை எடுத்துத் தருவேன் என்பவரும் ஐஸில் யாருமில்லை. அந்த அழைப்பை அப்படியே வெட்டிவிட்டு, ஏ இலக்கத்தைக்கொண்டு தேடலில் ஆள் எங்கே என்று பாருங்கள்.