5-அமினோடெட்ரசோலின் எடை வளைவைப் படிப்பது எப்படி?

டிஜிஏ கருவியில் (சூடாக்கச் சூடாக்க மாதிரியின் எடை எப்படிக் குறைகிறது என்று வரைவது) என் முதல் 5-அமினோடெட்ரசோல் (நைட்ரஜன் நிறைந்த வளையச் சேர்மம்) வளைவு வந்த அன்று, ஆரம்பத்திலேயே விழுந்த படியைப் பார்த்து "வளையம் உடைந்தது, நைட்ரஜன் போய்விட்டது" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். போனது வெறும் தண்ணீர். பாட்டில் லேபிளில் மோனோஹைட்ரேட் (ஒரு மூலக்கூறுக்கு ஒரு தண்ணீர்) என்று தெளிவாகவே இருந்தது. மோல் நிறை 103, அதில் தண்ணீர் 18, அதாவது 17.5 சதவீதம். என் படியின் உயரமும் அதேதான். அதற்கப்புறம் கணக்குப் போடாமல் எந்த வாயுவுக்கும் நான் பெயர் வைப்பதில்லை.

நீங்களும் கருவியைத் தொடுவதற்கு முன் தாளை எடுங்கள். தண்ணீர் போன பிறகு மோல் நிறை 85. அதில் 82 சதவீதம் நைட்ரஜன். வளையம் உடைய முக்கியமாக இரண்டு வழிகள். நைட்ரஜன் மூலக்கூறு (28) கழன்றால் இழப்பு 33 சதவீதம். ஹைட்ரசோயிக் அமிலம் (43) கழன்றால் பாதிக்குச் சற்று மேல். மிஞ்சுவது சயனமைடு (42). நைட்ரஜன்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பின் வலு சுமார் 160 கிலோஜூல்/மோல், மும்மைப் பிணைப்புக்கோ 945. டிஎஸ்சி வளைவில் (மாதிரி வெளிவிடும், உறிஞ்சும் வெப்பத்தை அளப்பது) வெப்பம் பொங்குவது இந்த வித்தியாசத்தால்தான்.

மாதிரி 1 மில்லிகிராம் போதும். கிண்ணத்தின் மூடியில் ஊசித்துளை இருக்கட்டும். வெப்பநிலை நிமிடத்துக்கு 5 டிகிரி ஏறட்டும். கருவி வெப்பநிலையைச் சரியாகக் காட்டுகிறதா என்றறிய, இண்டியம் உலோகத்தின் உருகுநிலை 156.6 டிகிரியில் வருகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

சுமார் 200 டிகிரியைத் தாண்டியதும் சேர்மம் உருகும், கூடவே சிதையும். இங்கே வளைவு 33-லும் நிற்காது, 50-லும் நிற்காது. இரண்டு வழியும் சேர்ந்து ஓடுகின்றன. போதாததற்குச் சயனமைடு ஒன்றோடொன்று சேர்ந்து மெலமைனாகிவிடுகிறது. எடையை மட்டும் வைத்து இதைப் பிரிக்க முடியாது. வெளிவரும் வாயுவை நிறை நிறமாலைமானிக்கு (அயனிகளை நிறைப்படி பிரித்துக் காட்டும் கருவி) அனுப்ப வேண்டும். உலை வழியே ஓடும் வாயுவாக ஆர்கான் வையுங்கள். நைட்ரஜன் வைத்தால் மாதிரியிலிருந்து வரும் 28 நிறையின் சமிக்ஞை அதிலேயே மூழ்கிவிடும். 42-ஐப் பார்த்ததும் சயனமைடு என்று குதிக்காதீர்கள். ஹைட்ரசோயிக் அமிலம் கருவிக்குள் ஹைட்ரஜனை இழந்தாலும் 42-தான். 43 கூடவே எழுகிறதா என்று பாருங்கள். அகச்சிவப்பு நிறமாலைமானி இருந்தால் 2140 செ.மீ⁻¹ பக்கம் இந்த அமிலம் தெரியும். நைட்ரஜன் அதில் தெரியவே தெரியாது.

கிளர்வு ஆற்றல் (வினை தொடங்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) வேண்டுமென்றால் நாலு சூடாக்கும் வேகத்தில் ஓட்டி, உச்சி வெப்பநிலை நகர்வதிலிருந்து அதைக் கணக்கிட கிஸ்ஸிங்கர் 1957-ல் தந்த முறையைப் போடலாம். உருகலும் சிதைவும் கலந்த இடத்தில் கிடைக்கும் அந்த ஒற்றை எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை.

ஹைட்ரசோயிக் அமிலம் நச்சு, வெடிக்கவும் செய்யும். குளிர்ந்த குழாயில் அது திரவமாகத் தங்க விடாதீர்கள்: குழாய் சூடாகவே இருக்கட்டும், வெளியேறும் வாயு புகைக்கூண்டுக்குள் போகட்டும். ரன் முடிந்தாலும் உலையை உடனே திறக்காமல், ஆர்கான் ஓடியபடியே முழுக்க ஆறட்டும்.