வெற்றி தோல்விப் பட்டியலைப் படிக்கும் முறை: மைக்கேல் பிஸ்பிங்கை முன்வைத்து

இங்கிலாந்தின் மைக்கேல் பிஸ்பிங் 2004 ஏப்ரல் முதல் 2017 நவம்பர் வரை குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டைக் கூண்டுக்குள் கழித்த காலம் முழுவதும், 30 வெற்றி, 9 தோல்வி என்ற இரண்டு எண்களாகச் சுருங்கிக் கிடக்கிறது. இதைவிடப் பளபளப்பான எண்களை வைத்துக்கொண்டு எந்தப் பட்டத்தின் பக்கமும் போகாதவர்கள் உண்டு. இதைவிட மோசமான எண்களோடு சாம்பியன் ஆனவர்களும் உண்டு. ஆகவே மொத்தக் கணக்கைப் பார்த்து ஒரு வீரரை எடைபோடும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். படிக்க வேண்டியது அந்த மொத்தத்துக்குக் கீழே வரிவரியாக இருக்கும் அட்டவணையை; அதிலும் எதிராளியின் பெயரை விட முடிவுகள் வந்த வரிசையையும் தேதிகளையும் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பிஸ்பிங்கின் பட்டியல் இதற்கு மிகப் பொருத்தமான பாடம்.

இத்தகைய அட்டவணைகளில் அண்மைய சண்டை மேலேயும் முதல் சண்டை அடியிலும் இருக்கும். அடியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். மேலிருந்து தொடங்கினால் ஒரு வீரரின் கடைசிக் காலத் தளர்ச்சியே முதலில் கண்ணில் படும். பிறகு படிக்கும் எல்லாவற்றிலும் அதன் நிழல் விழும். அடியிலிருந்து தொடங்கும்போது, எந்த அமைப்பில் எத்தனை சண்டைகள் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பிஸ்பிங்கின் முதல் 10 சண்டைகளும் வெற்றிகள், அவை எம்.எம்.ஏ.யின் மிகப் பெரிய போட்டி அமைப்பான யூ.எஃப்.சி.க்கு வெளியே, பெரும்பாலும் கேஜ் ரேஜ், கேஜ் வாரியர்ஸ் போன்ற பிரிட்டிஷ் அமைப்புகளில் நடந்தவை. அவற்றை வெறும் எண்ணிக்கை ஏற்றும் சண்டைகள் என்று தள்ளிவிடக் கூடாது, ஏனெனில் இரண்டு அமைப்புகளிலும் அவர் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். ஆனால் பின்னாளில் வந்த வெற்றிகளின் தராசில் அவற்றை வைக்கவும் கூடாது. 2006 ஜூனில் தி அல்டிமேட் ஃபைட்டர் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பருவ இறுதியில் ஜோஷ் ஹேன்ஸை வீழ்த்தி யூ.எஃப்.சி. ஒப்பந்தம் பெற்ற நாளிலிருந்து எண்ணினால் கணக்கு 20–9 ஆகிறது. இனி நாம் பேசப்போவது இந்த 29 சண்டைகளை.

பட்டியலில் பொதுவாக எடைப் பிரிவுக்குத் தனிப் பத்தி இருக்காது; அதைத் தேடிப் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். 2007 நவம்பரில் ரஷாத் எவன்ஸிடம் பிரிவுத் தீர்ப்பில் (மூன்று நடுவர்களில் இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம்) தோற்றதுதான் பிஸ்பிங்கின் முதல் தோல்வி. அதுவரை 93 கிலோ வரம்புள்ள லைட் ஹெவிவெயிட்டில் இருந்தவர் அதன்பின் 84 கிலோ வரம்புள்ள மிடில்வெயிட்டுக்கு இறங்கிவிட்டார். அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் படிப்பவருக்கு, கோட்டுக்குக் கீழே இருக்கும் வீரரும் மேலே இருக்கும் வீரரும் ஒரே ஆள் போலத் தோன்றும்.

அடுத்து, தோல்விகளை மட்டும் தனியே எடுத்து எழுதுங்கள். வெற்றிகளில் பலம் குறைந்த எதிராளிகள் ஒளிந்துகொள்ளலாம். ஒருவர் எந்த உயரத்தில் நின்று சண்டையிட்டார் என்பதைத் தோல்விகள்தாம் காட்டும். பிஸ்பிங்கின் தோல்விகள் ரஷாத் எவன்ஸ், டேன் ஹெண்டர்சன், வாண்டர்லே சில்வா, சேல் சன்னன், விட்டோர் பெல்ஃபோர்ட், டிம் கென்னடி, லூக் ராக்ஹோல்ட், ஜார்ஜ் செயின்ட்-பியர், கெல்வின் காஸ்டலம் என்று நீள்கின்றன. இவர்களில் கத்துக்குட்டி ஒருவரும் இல்லை. ஹெண்டர்சன், சன்னன், பெல்ஃபோர்ட் ஆகிய மூவருடனான சண்டைகளும், வென்றால் அடுத்து பட்டப் போட்டி என்று பேசப்பட்ட கட்டத்தில் நடந்தவை. மூன்றிலும் அவர் வாசற்படியில் தடுக்கி விழுந்தார். அந்த மூவரும் தம் வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் மருத்துவ விலக்கு என்ற பெயரில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுத்துக்கொண்டவர்கள் என்பதையும், நெவாடா தடகள ஆணையம் 2014 பிப்ரவரியில் அந்த விலக்கை ஒழித்த பிறகு யூ.எஃப்.சி.யும் அதைப் பின்பற்றியது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்காக முடிவுகளை மனத்துக்குள் திருத்தி, தோற்றவரை வென்றவராக்கிவிடக் கூடாது. அந்தக் காலத்தின் விதி அப்படி இருந்தது என்று குறித்துக்கொள்வது வேறு. தீர்ப்பை மாற்றி எழுதுவது வேறு.

தோல்விகளைத் திரும்பப் பட்டியலுக்குள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்த வரியைப் பாருங்கள். பிஸ்பிங்கின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது இங்கேதான் தெரிகிறது. 2009 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த யூ.எஃப்.சி. 100 நிகழ்ச்சியில் ஹெண்டர்சனின் வலக்கைக் குத்தில் நினைவிழந்து விழுந்தவர், நான்கு மாதங்களில் மான்செஸ்டரில் டெனிஸ் காங்கை டெக்னிக்கல் நாக் அவுட்டில் (எதிராளியால் தொடர முடியாதென்று சண்டை நிறுத்தப்படுவது) வென்றார். வாண்டர்லே சில்வாவுக்குப் பிறகு டேன் மில்லர், சன்னனுக்குப் பிறகு பிரையன் ஸ்டான், பெல்ஃபோர்ட்டுக்குப் பிறகு ஆலன் பெல்ச்சர், கென்னடிக்குப் பிறகு சுங் லீ, ராக்ஹோல்ட்டுக்குப் பிறகு சி.பி. டாலவே என்று, கடைசி இரண்டு சண்டைகள் வரும்வரை அவர் அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றதே இல்லை. 2016 வரை முதலிடத்துக்கும் வரவில்லை, வரிசையிலிருந்து வெளியேறவும் இல்லை. கறாரான வாசகர் இன்னொன்றையும் கவனிப்பார்: தோல்விக்குப் பின் தரப்பட்ட எதிராளிகள் ஒருபடி கீழே இருந்தார்கள், சுங் லீக்கு அப்போது வயது 42. போட்டி அமைப்பாளர்கள் நட்சத்திரங்களைக் காப்பாற்றும் விதம் அது. ஆனாலும் அந்த ஒருபடி கீழே இருப்பவரிடம் ஏழு முறையில் ஒருமுறைகூடச் சறுக்காமல் இருப்பது சாதாரணமான காரியம் அல்ல.

ஊரையும் பார்க்க வேண்டும். யூ.எஃப்.சி.யில் பிரிட்டன் மண்ணில் பிஸ்பிங் 9 முறை சண்டையிட்டார். 9 முறையும் வென்றார். ஒன்பது தோல்விகளும் நியூவார்க், லாஸ் வேகாஸ், சிட்னி, சிகாகோ, சாவ் பாவ்லோ, கியூபெக் சிட்டி, மீண்டும் சிட்னி, நியூயார்க், ஷாங்காய் என வெளியூர்களில் வந்தவை. சொந்த மண்ணின் ஆரவாரம் நடுவர்களின் காதில் விழுந்ததா என்ற சந்தேகம் எழுவது நியாயம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, முடிவு எந்த வகையில் வந்தது என்று சொல்லும் பத்திக்குப் போக வேண்டும்.

அந்தப் பத்தியில் ஒருமித்த தீர்ப்பு, பிரிவுத் தீர்ப்பு, நாக் அவுட், டெக்னிக்கல் நாக் அவுட், சப்மிஷன் (பிடியில் சிக்கியவர் தோல்வியை ஒப்புக்கொள்வது) என்ற சொற்கள் வரும். கூண்டுக்குள் நிற்கும் ரெஃப்ரிக்குத் தீர்ப்பில் பங்கில்லை. வெளியே அமர்ந்திருக்கும் மூன்று நடுவர்கள்தாம் சுற்றுக்குச் சுற்று புள்ளி போடுகிறார்கள், சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. பிரிவுத் தீர்ப்பு என்று கண்டால் மூன்று அட்டைகளையும் தேடிப் பார்க்காமல் நகரக் கூடாது. 2007 செப்டம்பரில் லண்டனில் மாட் ஹாமிலை பிஸ்பிங் வென்ற சண்டையில் இரண்டு நடுவர்கள் 29–28 என்று பிஸ்பிங்குக்குக் கொடுக்க, மூன்றாமவர் 30–27 என்று மூன்று சுற்றுகளையுமே ஹாமிலுக்குக் கொடுத்தார். ஒரே சண்டையைப் பார்த்த மூவர் இவ்வளவு விலகி நின்றால், அந்த வெற்றியைப் பென்சிலால்தான் எழுதிவைக்க வேண்டும். பார்வையாளர்களில் பலர் அன்று ஹாமில்தான் வென்றார் என்றார்கள், எனக்கும் அதில் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் 2016 பிப்ரவரியில் அதே லண்டனில் ஆண்டர்சன் சில்வாவை வென்றபோது மூன்று அட்டைகளிலும் 48–47 என்றே இருந்தது. மூன்றாம் சுற்றின் முடிவில், கீழே விழுந்த பல்காப்பைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்த பிஸ்பிங்கின் முகத்தில் சில்வாவின் பறக்கும் முழங்கால் மோதியது; சண்டை முடிந்துவிட்டதென்று சில்வா கூண்டின் மேல் ஏறிக் கொண்டாடினார்; ரத்தம் வழிய எழுந்த பிஸ்பிங் இன்னும் இரண்டு சுற்றுகள் நின்றார். பட்டியலில் இவ்வளவுக்கும் கிடைக்கும் இடம் ‘ஒருமித்த தீர்ப்பு’ என்ற இரண்டு சொற்கள்தாம்.

விதிமீறலால் நின்றுபோன சண்டைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 2013 ஏப்ரலில் பெல்ச்சருக்கு எதிரான சண்டை, பிஸ்பிங்கின் விரல் தவறுதலாகப் பெல்ச்சரின் கண்ணில் பட்டதால் மூன்றாம் சுற்றின் கடைசிப் பகுதியில் நிறுத்தப்பட்டது. அதற்குள் இரண்டு சுற்றுகள் முடிந்திருந்ததால் புள்ளிகளைக் கூட்டி பிஸ்பிங்குக்கு டெக்னிக்கல் தீர்ப்பு கொடுத்தார்கள். 2021 மார்ச்சில் இன்னொரு இங்கிலாந்து வீரரான லியோன் எட்வர்ட்ஸின் விரல் பெலால் முகம்மதுவின் கண்ணில் பட்டதோ ஐந்து சுற்றுச் சண்டையின் இரண்டாம் சுற்றுத் தொடக்கத்தில். அதனால் அது முடிவில்லாச் சண்டை என்று பதிவானது. தவறு ஒன்றுதான், நடந்த நேரம்தான் வேறு. டெக்னிக்கல் நாக் அவுட் என்ற சொல்லும் இப்படியே ஏமாற்றும்: 2022 ஜூலையில் லண்டனில் டாம் ஆஸ்பினால் கர்டிஸ் பிளேட்ஸிடம் 15 விநாடிகளில் தோற்றதாகப் பட்டியல் சொல்கிறது, நடந்தது முழங்கால் காயம்.

இனி, பட்டியலில் இல்லாததைப் படிக்க வேண்டும். அதற்குத் தேதிகளின் இடைவெளிதான் வழி. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சண்டையிட்டுவந்த பிஸ்பிங், பெல்ச்சர் சண்டைக்குப் பிறகு 2014 ஏப்ரல்வரை ஓராண்டு காலம் கூண்டுக்குள் வரவில்லை. இப்படி ஓர் இடைவெளி கண்ணில் பட்டால் காயம், தடை, ஒப்பந்தத் தகராறு என்ற மூன்றில் எது என்று விசாரிக்க வேண்டும். இங்கே காயம். 2013 ஜனவரியில் சாவ் பாவ்லோவில் பெல்ஃபோர்ட்டின் உதை தலையில் பட்டதில் வலக் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டு, அறுவை சிகிச்சைகள் செய்தும் அந்தக் கண்ணின் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. மருத்துவச் சோதனைகளைத் தந்திரமாகக் கடந்து வந்ததை ஓய்வுக்குப் பின் அவரே வெளிப்படையாகச் சொன்னார். இதைத் தெரிந்துகொண்டு அட்டவணைக்குத் திரும்பினால், யூ.எஃப்.சி.யின் 20 வெற்றிகளில் 7, பட்டம் உட்பட, அந்த இரவுக்குப் பிறகு வந்தவை என்பது தெரியும். இதை வியப்பதா கண்டிப்பதா என்பதில் எனக்கே இரண்டு மனம் உண்டு. வலப்பக்கத்திலிருந்து வரும் குத்தைச் சரியாகப் பார்க்க முடியாத ஒருவரை அனுமதித்த சோதனை முறையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எதுவும் இல்லை.

தயாரிப்புக்குக் கிடைத்த நாள்களும் அட்டவணையில் இருக்காது. 2016 ஜூன் 4 அன்று கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட்டில் நடந்த யூ.எஃப்.சி. 199 வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: எதிராளி ராக்ஹோல்ட், நாக் அவுட், முதல் சுற்று, 3 நிமிடம் 36 விநாடி. அப்போதைய சாம்பியன் ராக்ஹோல்ட்டுடன் மோதவிருந்த கிறிஸ் வைட்மன் காயத்தால் விலகியதால் பிஸ்பிங் 17 நாள் அவகாசத்தில் அழைக்கப்பட்டவர் என்பதையும், அதே ராக்ஹோல்ட் 2014 நவம்பரில் அவரைக் கழுத்துப் பிடியில் தோற்கடித்தவர் என்பதையும் சேர்த்தால்தான் அந்த வரி முழுமை பெறும். கையைத் தாழ்த்தி அலட்சியமாக முன்னேறிய ராக்ஹோல்ட்டை ஓர் இடக்கை ஹூக் (வளைத்து வீசும் குத்து) சாய்த்தது. எழுந்தவரைக் கூண்டோரம் மீண்டும் இடக்கை சாய்த்தது. யூ.எஃப்.சி. பட்டம் வென்ற முதல் பிரிட்டிஷ் வீரர் ஆனார் பிஸ்பிங். குறுகிய அவகாசம் வந்தவருக்கு மட்டுமே பாதகம் என்று எண்ண வேண்டாம். காத்திருந்தவரும் வேறொருவருக்காகத் தயாரானவரே.

பட்டம் கிடைத்த பின்னுள்ள வரிகளை இன்னும் கறாராகப் படிக்க வேண்டும். 2016 அக்டோபரில் மான்செஸ்டரில் ஹெண்டர்சனுக்கு எதிராகப் பட்டத்தைக் காத்தது பழைய கணக்கைத் தீர்த்த சண்டையாக ரசிகர்களுக்கு இனித்தது. ஆனால் ஹெண்டர்சனுக்கு அப்போது 46 வயது, முதல் பத்து இடங்களில்கூட அவர் இல்லை, ஆனாலும் முதல் இரண்டு சுற்றுகளிலும் பிஸ்பிங்கைக் கீழே வீழ்த்தினார். பட்டக்காலத்தில் அது ஒன்றே தற்காப்பு. வாழ்க்கை முழுவதையும் கொண்டு அவரைப் பெரிய வீரர் என்று சொல்வேன். சாம்பியனாக இருந்த காலத்தை மட்டும் கொண்டு அப்படிச் சொல்ல மாட்டேன்.

கடைசி இரண்டு வரிகளின் தேதிகள் 2017 நவம்பர் 4, நவம்பர் 25. நியூயார்க்கில் செயின்ட்-பியரிடம் மூன்றாம் சுற்றில் கழுத்து நெரிபட்டு நினைவிழந்து பட்டத்தை இழந்தவர், மூன்றே வாரத்தில், ஆண்டர்சன் சில்வா விலக்கப்பட்ட இடத்தில் மாற்றாளாக ஷாங்காய் சென்று காஸ்டலமிடம் முதல் சுற்றிலேயே நாக் அவுட் ஆனார். 2018 மேயில் ஓய்வை அறிவித்தார். ஷாங்காய் வரியைப் பிஸ்பிங்கின் திறனுக்குச் சான்றாகக் கொள்ளாமல் தனியே ஒதுக்கிவைப்பதே முறை. ஒவ்வொரு சண்டையும் இரண்டு பட்டியல்களில் இடம்பெறுவதால், காஸ்டலமின் பட்டியலைப் படிக்கும்போதும் அந்த வெற்றிக்கு அதே அளவு கழிவு போட்டுக்கொள்ளுங்கள்.