பெங்களூரில் அப்பா அம்மாவுக்கு ஃபிரிட்ஜ், டிவி வாங்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து லீவில் பெங்களூர் வருகிற பலருக்கும் மனதில் இருக்கும் வேலை இது: அப்பா அம்மா வீட்டில் பழசாகிப்போன ஃபிரிட்ஜையோ வாஷிங் மெஷினையோ மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். கடைக்குப் பஞ்சமில்லை. குரோமா, ரிலையன்ஸ் டிஜிட்டல், கிரியாஸ், பை இன்டர்நேஷனல் என்று ஊர் முழுக்கக் கிளைகள் இருக்கின்றன. நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். கிளம்பும் வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

காரணம், கடையில் பில் போடுவதோடு வேலை முடிவதில்லை. சாமான் கொண்டுவருபவர் வேறு, மாட்டித் தருபவர் வேறு. டிவியை இறக்கிவிட்டு, "பெட்டியை நீங்க பிரிக்காதீங்க சார், கம்பெனி ஆள் வந்துதான் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஆள் நாளை வரலாம், மூன்று நாள் கழித்தும் வரலாம். ஏசி என்றால் ஸ்டாண்டு, கூடுதலாகப் போகும் காப்பர் பைப், ஸ்டெபிலைசர் எல்லாம் பெரும்பாலும் தனிக்காசு. அதைக் கடையிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பெட்டி வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். மூலை நசுங்கியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். பொருள் பழுதாக வந்துவிட்டால் கடை பெரும்பாலும் நேரடியாக மாற்றித் தராது. கம்பெனி ஆள் வந்து பார்த்து, எழுதிக் கொடுத்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். நீங்கள் விமானம் ஏறிய பிறகு அந்த அலைச்சல் வயதான அப்பாவின் தலையில் விழக்கூடாது.

பில் அப்பா அல்லது அம்மா பெயரிலேயே இருக்கட்டும். செல் நம்பரும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். சர்வீஸுக்குக் கூப்பிட்டால் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். உங்கள் வெளிநாட்டு நம்பரைக் கொடுத்துவிட்டால் அவர்கள் அங்கேயும் நீங்கள் இங்கேயும் தவிக்க வேண்டியிருக்கும்.

பணம் கட்டுவதையும் முன்பே யோசித்துவிடுங்கள். பேங்க் ஆஃபரும் வட்டியில்லாத தவணையும் இந்திய வங்கி கார்டுகளுக்குத்தான். வெளிநாட்டுக் கார்டைத் தேய்த்தால் அந்தத் தள்ளுபடி கிடைக்காது. உங்களுக்கு என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) இருந்தால் வங்கியிடம் யுபிஐ பற்றிக் கேளுங்கள். 2023 முதல் சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம் உட்படச் சில நாடுகளின் செல் நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

பெரிய கடையில் பேரம் பேச முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். எம்ஆர்பியில், அதாவது பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலையில், வரி எல்லாம் அடக்கம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கக்கூடாது. கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம். "லாஸ்ட் எவ்வளவு?" என்று கேட்டால் விற்பவர் மேனேஜரைக் கூப்பிடுவார். கன்னடத்தில் "நமஸ்காரா" என்று ஆரம்பியுங்கள், பல கடைகளில் அவர்களே தமிழுக்கு மாறிவிடுவார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கம்பெனி டி-ஷர்ட் போட்டு உங்களிடம் பேசும் பையன் பெரும்பாலும் கடை ஊழியர் இல்லை, அந்த பிராண்டின் பிரமோட்டர். அவர் தன் பொருளை நன்றாக அறிந்தவர். பக்கத்து பிராண்டைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள், வேறு ஆளிடம் கேளுங்கள்.

இத்தனை தொல்லை இருந்தும் கடைக்கே போகச் சொல்வதற்குக் காரணம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான். எங்கள் அம்மா ஒரு ஃபிரிட்ஜைத் திறந்து, காய்கறி டிரேயை இழுத்துப் பார்க்கக் குனிந்தார். முட்டி பிடித்துக்கொண்டது. "இது வேணாம்பா, தினமும் யாரு குனியுறது?" என்றார். ஃப்ரீசர் கீழே, காய்கறி இடுப்பளவில் இருக்கும் மாடலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. போனில் படம் பார்த்து வாங்கியிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? வாஷிங் மெஷின் பட்டனில் இருக்கும் எழுத்து அப்பாவின் கண்ணுக்குத் தெரிகிறதா, ரிமோட் கைக்கு அடங்குகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஏசிக்கும் கீசருக்கும் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும். அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் அது போதுமான அளவு இருக்காது. அகலமான இரண்டு கதவு ஃபிரிட்ஜ் லிஃப்டிலும் வாசலிலும் நுழையுமா என்று அளந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வருவது காவேரித் தண்ணீரா, போர்வெல்லா, டேங்கரா? வாட்டர் பியூரிஃபையரைத் தேர்ந்தெடுப்பதே இதைப் பொறுத்துத்தான். உப்புத் தண்ணீர் வாஷிங் மெஷினையும் சீக்கிரம் பாழாக்கும்.

ஆயுத பூஜை, தீபாவளி சமயத்தில் விலை இறங்கும். ஆனால் அப்போது மாட்டித் தரும் ஆட்களைப் பிடிப்பது கஷ்டம். உங்களிடம் நாள் குறைவு என்றால், ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகப் போனாலும் சாதாரண நாளில், அதுவும் வார நாள் காலையில் போங்கள்.

கடையும் கம்பெனியும் மாற்றி மாற்றிக் கையை விரித்தால் 1915க்கு போன் செய்யுங்கள். மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண் அது. தமிழிலேயே புகார் சொல்லலாம். பில்லின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.