தொப்பைக்கு ஆபரேஷனா, பயிற்சியா? பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரியில் ஜிம் மாஸ்டராக இருப்பதால் புதுமுகங்களைப் பார்க்காத வாரமே இல்லை. போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்கள், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு ஊர் வருகிறவர்கள், மண்டி வைத்திருக்கும் பெரியவர்கள், குழந்தை பெற்ற பிறகு உடம்பு ஏறிவிட்டது என்று வரும் பெண்கள். "இதை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமாமே மாஸ்டர்?" என்ற கேள்வி வந்த சில நாளிலேயே வந்துவிடும். என் செட்டு ஆட்கள் பழகிய காலத்தில் செய்த தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். ஆனால் அப்போது அழகுக்கான ஆபரேஷன் சினிமாக்காரர்கள் சமாசாரம். இப்போது பெங்களூரு பஸ் ஏறினால் போதும், மாதத் தவணையிலும் செய்து தருகிறார்கள். அதனால் தவறு செய்தால் இழப்பு பெரிதாகிவிட்டது.

வார்ம்-அப் செய்யாதது, தண்ணீர் குடிக்காதது எல்லாம் பலரும் சொல்லியாயிற்று. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கைக்கே சிக்காத கொழுப்பை உறிஞ்சி எடுக்கப் போவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கும் ஒருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் ஒழுங்காக நடந்தார், வெயிட் தூக்கினார், பெல்ட்டில் ஓர் ஓட்டை உள்ளே போனது. அது அவருக்குப் போதவில்லை. மகள் கல்யாணத்துக்குள் வயிறு இறங்கியாக வேண்டும் என்று, சீசனில் வந்த பணத்தைக் கொண்டுபோய் வெளியூரில் ஒரு கிளினிக்கில் கட்டி, கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்‌ஷன் செய்துகொண்டார். கல்யாணத்தன்று பார்த்தேன். பட்டுச் சட்டைக்குள் அதே வயிறு. பக்கவாட்டுச் சதை கொஞ்சம் போயிருந்தது, அவ்வளவுதான். மாத்திரை ஒன்றுகூடக் குறையவில்லை. "எடுத்த கொழுப்பைப் பாட்டில்ல காட்டினாங்களே மாஸ்டர், அப்புறம் ஏன் வயிறு அப்படியே இருக்குது?" என்று கேட்டார்.

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு நிமிடம் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலே தெரிகிற விஷயம் அது. அதைச் சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டார்களே, அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடத்தில் சேர்கிறது. ஒன்று தோலுக்கு அடியில், வயிற்றுத் தசைக்கு மேலே. விரலால் பிடித்தால் மடிப்பாக வரும். இன்னொன்று தசைச் சுவருக்கும் உள்ளே, குடலையும் மற்ற உறுப்புகளையும் சுற்றி. அதைப் பிடிக்கவே முடியாது. லிப்போசக்‌ஷனில் உப்புநீரோடு மரத்துப்போகும் மருந்தைக் கலந்து தோலுக்கடியில் செலுத்தி, மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சுகிறார்கள். அந்தக் குழாய் தசைச் சுவருக்கு வெளியேதான் வேலை செய்யும். உள்ளே குடல் இருக்கிறது, எந்த டாக்டரும் அங்கே குழாயை விட மாட்டார். நம் ஊர் ஆண்களின் கெட்டித் தொப்பை பெரும்பாலும் இந்த உள்கொழுப்புதான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்புக் கல்லீரல் எல்லாவற்றோடும் ஒட்டி வருவதும் இதுதான்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மல்லாக்கப் படுங்கள். வயிறு இரண்டு பக்கமும் தளர்ந்து வழிந்து, விரலில் தடிமனாக மடிப்புப் பிடிபட்டால் வெளிக்கொழுப்பு அதிகம். படுத்த பிறகும் மேடாக நின்று, அழுத்தினால் கெட்டியாக இருந்து, பிடித்தால் மெல்லிய தோல்தான் வருகிறது என்றால் உள்கொழுப்பு. அப்புறம் ஒரு தையல் டேப் எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். இந்தியர்களுக்கு ஆண்கள் என்றால் 90 சென்டிமீட்டர், பெண்கள் என்றால் 80. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வயிறு திடீரென்று பெருத்து, காலும் வீங்கியிருந்தால் அது கொழுப்பாக இல்லாமல் வயிற்றில் நீர் கோத்ததாகவும் இருக்கலாம். ஜிம்முக்கு வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, வெளிக்கொழுப்பை நிறைய எடுத்தாலாவது சர்க்கரை குறையுமா? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு லிப்போசக்‌ஷனில் சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்தார்கள். அவர்களில் 7 பேருக்குச் சர்க்கரை நோய். 10 முதல் 12 வாரம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதம், ரத்த அழுத்தம், ரத்தத்தில் கொழுப்பு எதிலும் முன்னேற்றம் இல்லை. 2004இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு இது. அதே 10 கிலோவைச் சாப்பாட்டிலும் பயிற்சியிலும் குறைத்திருந்தால் இந்த எண்கள் நகர்ந்திருக்கும்.

2012இல் பிரேசிலின் சாவோ பாலோவிலிருந்து வந்த ஆய்வைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன். சாதாரண எடையுள்ள பெண்களுக்கு வயிற்றில் கொஞ்சமாக லிப்போசக்‌ஷன் செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து அவர்களில் பாதிப்பேருக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி, மீதிப்பேருக்கு ஒன்றும் இல்லை. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் பயிற்சி செய்யாதவர்களுக்கு உள்கொழுப்பு சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. வெளியே எடுத்த கொழுப்புக்கு ஈடுகட்ட உடம்பு உள்ளே சேர்த்துக்கொண்டது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் ஜிம்மிலிருந்து விடுதலை கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

உள்கொழுப்பில் ஒரு நல்ல விஷயம், பயிற்சி தொடங்கினால் அது சீக்கிரமே கரையத் தொடங்கும். தராசில் எடை பெரிதாக இறங்காத வாரங்களில்கூட டேப்பில் இடுப்பு குறையும். அந்த மண்டிக்காரருக்குப் பெல்ட்டில் ஓர் ஓட்டை உள்ளே போனதே, அது உள்கொழுப்பு கரைந்த அடையாளம். சரியான பாதையில் போய்க்கொண்டிருந்தவர் பாதியில் இறங்கிவிட்டார். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வேலையும். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் வேகமாக நடந்தாலும் சரி, ஸ்டேடியத்தில் நடந்தாலும் சரி, அதோடு ஸ்குவாட், டெட்லிஃப்ட் மாதிரி பெரிய தசைகளுக்கான பயிற்சியைச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, லிப்போசக்‌ஷன் வேறு, இரைப்பையைச் சுருக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷன் வேறு. இரண்டாவது மிக அதிக பருமனுக்கான மருத்துவம், சர்க்கரையிலும் நல்ல மாற்றம் கொடுக்கும், அதற்குத் தனித் தகுதி வரையறைகள் உண்டு. "கொழுப்பு ஆபரேஷன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எது என்று கேளுங்கள்.

மார்பில் இருப்பது சுரப்பியா என்று பார்க்காமல் பெஞ்ச் பிரஸ் போட்டுக்கொண்டே இருப்பது

மேலே சொன்னதற்கு நேர்மாறான தவறு. ஆபரேஷன் தேவைப்படுகிற இடத்தில் பயிற்சியை நம்பி வருடக்கணக்கில் காத்திருப்பது. சில பையன்களுக்கு மார்பு பெருத்திருக்கும். டி-ஷர்ட் நனையும் என்று மழையில் வெளியே வர மாட்டார்கள், கூனிக்கொண்டே நடப்பார்கள், குளத்தில் இறங்க மாட்டார்கள். ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போகிற பையன்களுக்கு மருத்துவச் சோதனையிலும் இது பிரச்சினை ஆகும்.

படுத்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் காம்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். காம்புக்கு அடியில் ரப்பர் வட்டு மாதிரி ஒன்று தடுத்தால் அது சுரப்பித் திசு. ஒன்றும் தடுக்காமல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. கொழுப்பு எடை குறைந்தால் போகும். சுரப்பி எந்தப் பயிற்சிக்கும் போகாது. கீழே தசை வளர்ந்தால் சில பேருக்கு இன்னும் துருத்திக்கொண்டுதான் தெரியும். பருவ வயதில் வருவது பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும், அதனால் 15 வயதுப் பையனை ஆபரேஷனுக்கு இழுக்கக் கூடாது. அதற்குப் பிறகும் நின்றுவிட்டால் அறுவைச் சிகிச்சை டாக்டரைப் பார்ப்பதுதான் வழி. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, முதல் ஆலோசனைக்குப் பெங்களூரு போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் கல் போல் கட்டி இருந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஊசி

தசை ஏற்றப் போடும் ஹார்மோன் ஊசி வேண்டாம் தம்பி. வெளியிலிருந்து ஏற்றும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடம்பே பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும், இல்லாத சுரப்பியும் மார்பில் வளரக்கூடும்.

செதுக்கிய சிக்ஸ் பேக்

கொழுப்பை உறிஞ்சும் அதே குழாயால் வயிற்றில் கோடு போட்டுத் தருவார்கள், எடை ஏறினால் அந்தக் கோடே கோணலாகத் தெரியும்.

பிரசவம் முடிந்ததும் சிட்-அப்பில் இறங்குவது

இதைச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களையும் சேர்த்தே சொல்கிறேன். கர்ப்பத்தில் வயிற்றின் நடுவில் இரண்டு தசைப் பட்டைகளும் விலகி நிற்கும். பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தானாகச் சேர்ந்துவிடும், சிலருக்கு இடைவெளி நிற்கும். படுத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கும்போது தொப்புளைச் சுற்றி நடுவில் கூம்பு மாதிரி எழும்பினாலோ, இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் தெரிந்தாலோ சிட்-அப், லெக் ரெய்ஸ் எல்லாம் நிறுத்துங்கள். மூச்சோடு சேர்த்து அடிவயிற்றை உள்ளே இழுக்கும் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும், பிசியோதெரபிஸ்ட் இருந்தால் நல்லது. பல மாதம் முறையாகச் செய்தும் இடைவெளி பெரிதாக இருந்தால், அல்லது குடலிறக்கம் இருந்தால், தையல் போட்டுத் தசையைச் சேர்ப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் அடுத்த குழந்தை வேண்டும் என்று இருந்தால் அது முடியட்டும். இன்னொரு கர்ப்பம் அந்தத் தையலையெல்லாம் மறுபடி இழுத்துவிடும்.

"சோம்பேறி, அதான் வயிறு இறங்கலை" என்று வீட்டில் மாமியாரோ கணவரோ சொல்வதைக் கேட்டு அழுதுகொண்டு வரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். விலகிய தசைக்கும் சோம்பலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை அம்மா.

எடை நிலைக்கும் முன் தோலை வெட்டுவது

முப்பது கிலோ குறைத்தவருக்குத் தோல் தொங்கும். எந்தப் பயிற்சியும் அதை முழுசாக இழுத்துக் கட்டாது, இங்கே ஆபரேஷன் நியாயமானது. எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நிற்கட்டும்.

களியை நிறுத்திவிட்டு டப்பா புரதப் பவுடருக்குத் தாவுவது

கேழ்வரகுக் களி உடம்பை ஏற்றுவதில்லை, களி உருண்டையின் அளவுதான் ஏற்றுகிறது. மூன்று உருண்டையை ஒன்றாகக் குறைத்து, பக்கத்தில் கொள்ளு, மொச்சை, முட்டை, கீரையைக் கூட்டுங்கள். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, வேர்க்கடலையில் 25. வேர்க்கடலையில் எண்ணெயும் அதிகம், கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெங்களூருவில் ஆபரேஷன், அன்றைக்கே பஸ்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்தான், அதனால் காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஆபரேஷன் ஆன உடம்போடு அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். தோலுக்கடியில் நீர் கோத்தால் மறுபடி போய் எடுக்க வேண்டியிருக்கும். அந்த ஊரிலேயே டாக்டர் சொல்லும் வரை தங்க இடமும் பணமும் ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். செய்யப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவரா, மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா, அவசரம் என்றால் ஐ.சி.யு. அதே கட்டிடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். முடிந்த பிறகு இறுக்கமான அழுத்த உடையைச் சில வாரம் போட்டிருக்க வேண்டும். நடை சீக்கிரமே தொடங்கலாம். கனமான வெயிட்டுக்குப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வாருங்கள், காலி பாரிலிருந்து தொடங்கலாம்.