ஃபயர்வால் ரவுட்டருக்கு நெட்வொர்க் கார்டு: என் அனுபவம்

பழைய கணினியில் ஓபிஎன்சென்ஸ் (OPNsense) என்ற ஃபயர்வால் மென்பொருளைப் போட்டு வீட்டு ரவுட்டராக ஓட்டுகிறேன். இரண்டாவது போர்ட்டுக்காக மாட்டியிருந்த யூஎஸ்பி அடாப்டர், பெரிய கோப்பு இறங்கும்போதெல்லாம் இணைப்பை விட்டுவிடும். கேபிளை மாற்றியும் பயனில்லை. லாகை (நிகழ்வுப் பதிவை) பார்த்தால் அடாப்டரே அடிக்கடி காணாமல் போய் வந்திருந்தது.

ஓபிஎன்சென்ஸுக்கு அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி (FreeBSD) என்ற இயங்குதளம். லினக்ஸில் ஓடும் கார்டெல்லாம் இதிலும் ஓடும் என்று நம்ப முடியாது. பெட்டியில் இருக்கும் கார்டின் பெயரும் போதாது, உள்ளே என்ன சிப் என்பதுதான் முக்கியம். ஃப்ரீபிஎஸ்டியின் வன்பொருள் பட்டியலில் சிப் பெயரைத் தேடிப் பார்த்து, இன்டெல் ஐ350 உள்ள இரண்டு போர்ட் பிசிஐஇ கார்டை (மதர்போர்டில் நேரடியாகச் செருகுவது) எடுத்தேன். மாட்டியதும் ஐஜிபி0, ஐஜிபி1 என்ற பெயர்களில் இரண்டு போர்ட்டும் வந்தன. வேன் (வெளி இணையப் பக்கம்), லேன் (வீட்டு நெட்வொர்க் பக்கம்) இரண்டையும் அவற்றுக்கு மாற்றியதும் இணைப்பு விட்டுப்போவது நின்றது.

சர்வரிலிருந்து கழற்றிய கார்டு என்றால் பிராக்கெட் (கார்டைக் கேஸில் பிடித்து நிறுத்தும் தகடு) உயரம் உங்கள் கேஸுக்குப் பொருந்துமா என்றும் பார்த்துவிடுங்கள்.