அடுப்புக்குப் பின்சுவர்: மேடை வரட்டும், அப்புறம் அளக்கலாம்

போன வாரம் ஒரு சமையலறை வேலை. என்னோடு புதிதாகச் சேர்ந்த பையன் டேப்பும் கையுமாக அடுப்புக்குப் பின்சுவரை அளந்துகொண்டிருந்தான். மேடைக் கல் இன்னும் வரவே இல்லை, கீழே வெறும் பெட்டிகள்தான் நின்றன. "அண்ணே, அளவு எடுத்தாச்சு, கண்ணாடிக்குச் சொல்லிடவா?" என்று அவன் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் கேட்ட அதே கேள்வி. சொல்லியும்விட்டேன், தண்டமும் அழுதேன். அடுப்புக்குப் பின்சுவரில் எதைப் பதிப்பது என்று முடிவெடுக்கும்போது இப்படி நடக்கும் தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன். துடைக்க எளிதா, நிறம் பொருந்துமா என்பதெல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

மேடை வருவதற்கு முன் கண்ணாடிக்கு அளவு கொடுப்பது

அடுப்புக்குப் பின்னால் கண்ணாடி என்றால் டஃபன்டு கிளாஸ்தான். சாதாரணக் கண்ணாடி ஓரிடம் சூடாகி இன்னோரிடம் குளிர்ந்திருந்தால், 40 டிகிரி வித்தியாசத்துக்கே விரிசல் விடலாம். டஃபன்டு ஏறக்குறைய 200 டிகிரி வரை தாங்கும். வெட்டி, ஓட்டை போட்டு, ஓரம் தேய்த்து முடித்த பிறகு அதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றடித்துச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும், உள்பகுதி பிறகு சுருங்கி அதை இழுத்துப் பிடிக்கும். பலமே அந்த இழுபிடியில்தான் இருக்கிறது, அதைக் குலைத்தால் மொத்தமும் போச்சு. ஆகவே அதன்பின் ஒரு ஸ்குரூ ஓட்டைகூடப் போட முடியாது.

நான் தண்டம் அழுத கதை இதுதான்: வரைபடத்தில் மேடைக் கல் 20 மில்லிமீட்டர் என்று இருந்தது. அதை நம்பி, இரண்டு பிளக் பாயிண்ட்டுக்கும் ஓட்டை குறித்து, சிம்னியின் அடிவரை உயரம் கணக்குப் போட்டு 6 மில்லிமீட்டர் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் இடையில் மனம் மாறி 30 மில்லிமீட்டர் கல் வாங்கிவிட்டார். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கல்லின்மேல் நிறுத்திப் பார்த்தால் ஓட்டை இரண்டும் பாயிண்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்கின்றன, மேல் ஓரம் சிம்னியில் இடிக்கிறது. "அடியில கொஞ்சம்தானே, எடுத்துடலாம்" என்று கூட வந்தவர் கிரைண்டரை எடுத்தார். பிளேடு பட்டதுதான் தெரியும், டமார் என்று ஒரு சத்தம், முழுக் கண்ணாடியும் கல்லுப்பு மாதிரி பொலபொலவென்று மேடையில் கொட்டிவிட்டது. இரண்டாவது கண்ணாடி என் கைக்காசில். அது வரும்வரை அவர்கள் வெறும் பூச்சுச் சுவருக்கு முன்னால்தான் சமைத்தார்கள், தெறித்த எண்ணெய் பூச்சில் ஊறிவிட்டது, கண்ணாடியை ஒட்டும் சிலிகான் பசை எண்ணெய்மேல் பிடிக்காது என்பதால் அந்த இடத்தையும் சுரண்டி மறுபடி பூச வேண்டியதாயிற்று.

இதை யார் செய்தாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, தவிர்க்கச் சல்லிக்காசு செலவில்லையே! முதலில் மேடை, அடுத்து சிம்னி, பாயிண்ட் பெட்டிகள், எல்லாம் நின்ற பிறகு டேப்பை எடுங்கள். இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் அளங்கள், ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கோணல் இல்லாத மூலையை நான் அதிகம் பார்த்ததில்லை. சந்தேகமா, மெல்லிய பிளைவுட்டில் மாதிரி வெட்டிச் சுவரில் பொருத்திப் பார்த்து, அதையே கண்ணாடிக்காரரிடம் கொடுங்கள். கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே 2, 3 மில்லிமீட்டர் விட்டுச் சிலிகான் போடுங்கள். இவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் டைல்ஸ் போடுங்கள், அங்கேயே வெட்டி ஒட்டிவிடலாம்.

அக்ரிலிக், பிவிசி ஷீட்

நெருப்பு எரியும் அடுப்புக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம்.

மேடையில் போட்ட குவார்ட்ஸையே சுவரிலும் ஏற்றுவது

பார்க்கக் கல்தான், ஆனால் உள்ளே கல்பொடியைப் பிணைத்திருப்பது ரெசின் என்ற பிளாஸ்டிக் மாதிரியான பசை. 150 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாற ஆரம்பிக்கும். பின் பர்னரில் அகலமான பாத்திரம் வைத்தால் சுவாலை அதன் ஓரமாக வளைந்து சுவரைத் தொடும். ஒரு வீட்டில் வெள்ளைக் குவார்ட்ஸில், பர்னருக்கு நேர் பின்னால், பிறை வடிவத்தில் மஞ்சளாக இருந்தது. அந்த வீட்டு அம்மா கறை என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பாலிஷையும் போக்கிவிட்டார். ரெசினே கருகிய பிறகு எதைத் தேய்ப்பது? இண்டக்‌ஷன் அடுப்பென்றால் இந்தப் பயம் குறைவு.

பளிங்கு

எலுமிச்சைச் சாறு பட்டாலே மங்கிவிடும். கல்மேல் பூசும் சீலர் கறையைத்தான் தள்ளிப்போடும், புளிப்பைத் தடுக்காது.

டைலை மட்டும் பார்த்துவிட்டு கிரவுட்டை மறப்பது

டைல் அப்படியே இருக்கும், இடையில் ஓடும் கோடுதான் கறுக்கும், ஏனென்றால் அந்த இடைவெளியை அடைக்கும் சிமென்ட் கிரவுட் எண்ணெயைக் குடிக்கும். குட்டிக் குட்டி மொசைக் போட்டால் கோடு அத்தனையும் உங்கள் தலையில். பெரிய டைலாக எடுத்து, அடுப்புப் பகுதிக்காவது சிமென்ட்டுக்குப் பதில் ரெசினால் ஆன எபாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள். அது சீக்கிரம் இறுகிவிடும், டைல்மேல் ஒட்டியதை உடனுக்குடன் துடைக்கிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்

இரும்பு நாரால் தேய்க்காதீர்கள், உதிரும் துகள் துருப்பிடிக்கும்.

வெள்ளைக் கண்ணாடி

சாதாரணக் கண்ணாடியில் கொஞ்சம் இரும்பு கலந்திருக்கும், பின்னால் வெள்ளை அடித்தால் இளம்பச்சையாகத் தெரியும். இரும்பு குறைந்த கண்ணாடி என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிகானைத் தொடாதீர்கள், அது பின்பக்கப் பெயிண்ட்டை அரித்துவிடும். நியூட்ரல் சிலிகான் என்று டியூபில் போட்டிருக்கிறதா பாருங்கள்.